கடைசியாத் தொட்ட கை

பைக்குள்ள இருக்கிறது லேப்டாப்புதானே தம்பி? அதான் மடியிலயே வச்சுக்கிட்டு வர்றீங்க. கம்ப்யூட்டர் கம்பெனி வேலையா? நல்லதாப் போச்சு. உங்ககிட்டச் சொன்னாப் புரியும். எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் புரியல. எல்லாரும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, நீங்க எவ்வளவு பெரிய மனுசன் சவரிராயன்னு கண்ணக் கசக்குறான். அதக் கேட்டாத்தான் எனக்குக் குமட்டுது.

இல்ல இல்ல, பஸ்ல எனக்கு வாந்தி வராது. நீங்க ஜன்னல் பக்கமே உக்காருங்க. எனக்கு வர்றதெல்லாம் மனுசங்களப் பாத்தாத்தான்.

நான் கரட்டுப்புதூர் சூசையப்பர் கோயில்ல பங்கு ஆபீஸ் எழுத்தர். இருபத்திரெண்டு வருசம். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாம் என் கையிலதான் பதிவாகும். அதுல முக்கியமானது கல்லறைப் பதிவு. எந்தக் குழியில யாரு, எந்த வருசம், எந்தக் குழி காலி, எத மறுபடி தோண்டலாம், எதத் தோண்டக் கூடாது. ரெண்டாயிரத்து நானூறு குழி தம்பி. நான் வர்றதுக்கு முன்னால அது நோட்டுப் புத்தகத்துல கிடந்துச்சு. கரையான் தின்னது பாதி, எலி மூத்திரம் பட்டது பாதி. தொட்டா கை நாறும். அத அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினது நான்தான்.

ஆபீஸ் மத்தியானம் ஒரு மணிக்கு மூடிருவாங்க. அதுக்குள்ள என்ன வேலை ஆகும்? அதனால வீட்டுலயும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன். இப்பத்தான் விசயத்துக்கு வர்றேன். ஒரே பதிவு ரெண்டு இடத்துல இருந்தா என்ன ஆகும்? இங்க ஒண்ணு சொல்லும், அங்க ஒண்ணு சொல்லும். நீங்க சிரிக்கிறீங்க. உங்க ஆபீஸ்லயும் இந்தக் கருமம் உண்டுல்ல?

நான் ஒரு முறை வச்சிருந்தேன். இதப் பாருங்க, கழுத்துல. இது உத்தரியம், மாதா கயிறு. எங்க ஆளுங்க சாகுறவரைக்கும் கழட்ட மாட்டாங்க. அதுலயே பென்டிரைவக் கோத்துக்கிட்டேன். குளிக்கும்போது மட்டும் பென்டிரைவ உருவி அலமாரி மேல வைப்பேன். மத்தியானம் ஆபீஸ் பதிவ எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவேன், சாயங்காலம் வீட்டுல வேலை பாப்பேன், காலையில வீட்டுப் பதிவ எடுத்துட்டு வந்து ஆபீஸ்ல போடுவேன். எது கடைசியாத் தொட்டதோ அதுதான் சரி. இதுதான் சட்டம். பதினொரு வருசம் ஒரு நாள் தவறல. காய்ச்சல்ல கூடத் தவறல. பெரிய வெள்ளிக்கிழமை கூடத் தவறல.

ரெண்டே ரெண்டு வரி மட்டும் இந்தச் சட்டத்துக்கு அடங்காது. அது ஏன்னு சொல்றேன். நீங்க எங்க ஊர்க்காரர் இல்ல, அதனால சொல்றேன்.

எங்க கல்லறைத் தோட்டம் கரட்டு அடிவாரத்துல இருக்கு. மேல் பக்கம் மேடு. கீழ்ப் பக்கம் வாய்க்காலை ஒட்டின பள்ளம். கீழ இருக்கிற குழிகளப் பத்தி என்னைக் கேளுங்க. ஐப்பசியில அங்க குழி தோண்டினா முழங்கால் அளவுக்குத் தண்ணி ஊறும். சாக்கடைத் தண்ணி. அதுக்குள்ளதான் பெட்டிய இறக்கணும். பெட்டி உள்ள போகாது, மிதக்கும். ரெண்டு பேர் மண்வெட்டியால அமுக்கிப் பிடிப்பான், ஒருத்தன் மண்ணைத் தள்ளுவான். ஒரு கிழவியோட பெட்டி மூணு தடவை மேல வந்துச்சு. சீ! அன்னிக்கு நான் சாப்பிடல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், நானும் என் வீட்டுக்காரியும் அங்க போகக் கூடாது.

ஆனா எங்க பங்குப் பேரவை ஒரு தீர்மானம் போட்டு வச்சிருக்கு. யாரும் முன்கூட்டியே இடம் பிடிச்சு வைக்கக் கூடாது. வரிசைப்படி எது காலியோ அதுதான். பக்கத்துக் குழி காலியா இருந்தா புருசனுக்கோ பொண்டாட்டிக்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ குடுக்கலாம், அவ்வளவுதான். நான் செத்து அவ சாகுறதுக்குள்ள, இல்ல அவ செத்து நான் சாகுறதுக்குள்ள, பக்கத்துக் குழிய வேற எவனாவது கொண்டு போயிருவானே! அதனால ஒரு வேலை செஞ்சேன். மேட்டுல வேப்பமரத்து ஓரமா ரெண்டு குழி, அறுபத்திரெண்டு, அறுபத்திமூணு. ஆபீஸ் பதிவுல அந்த ரெண்டுக்கும் நேரா, ‘பாறை, தோண்ட முடியாது’ன்னு போட்டுட்டேன். கரட்டு ஊர்தானே, யாரு சந்தேகப்படுவா? வீட்டுப் பதிவுல மட்டும் உண்மை இருக்கும். அறுபத்திரெண்டு சலேத் மேரி. அறுபத்திமூணு சவரிராயன்.

திருட்டுத்தனம்ங்கிறீங்களா? யாரோட சொத்தத் திருடினேன்? ஆறடி மண்ணு, அதுவும் செத்தப்புறம். இருபத்திரெண்டு வருசம் ஊர்ப் பொணத்துக்கெல்லாம் இடம் எழுதின கைக்கு ஒரு நல்ல இடம் கிடையாதா?

ஆக, தினமும் காலையில வீட்டுப் பதிவ ஆபீஸ்ல போட்ட உடனே, யாரும் வர்றதுக்கு முன்னால, அந்த ரெண்டு வரியையும் கையால பாறைன்னு மாத்திருவேன். மாத்திட்டுத்தான் காபித் தண்ணி குடிப்பேன். வீட்டுக்குக் கொண்டு போனா, அங்க மறுபடி எங்க பேர அடிச்சிருவேன். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

சலேத் என் வீட்டுக்காரி. தங்கமானவ. வாயத் திறக்க மாட்டா. பழைய நோட்டு முழுசையும் அவதான் டைப் அடிச்சா. எனக்கு ஒத்தை விரல்தான் வரும் தம்பி, தேடித் தேடித் தட்டணும். அவ கல்யாணத்துக்கு முன்னால டைப் படிச்சவ, ரெண்டு கையும் மழை மாதிரிப் பெய்யும். நான் நாற்காலியில உக்காந்து நோட்டப் பாத்து வாசிப்பேன், அவ அடிப்பா. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஒன்பது மணி. ரெண்டாயிரத்து நானூறு செத்தவங்க பேரு. இடுப்பு வலிக்குதும்பா. ஒரு பக்கம் முடிச்சுட்டு எந்திரிம்பேன். மறு பேச்சுப் பேச மாட்டா. அப்படி ஒரு குடும்பம் எங்களுது.

அதுல மண்ணள்ளிப் போட வந்தவதான் அவ அக்கா, அடைக்கலமேரி. பக்கத்துத் தெருவுலதான் வாழ்க்கைப்பட்டிருந்தா. பேரைச் சொன்னாலே எனக்கு வாய் கசக்கும். ஒரு நாள் சாயங்காலம் வந்தா. சலேத்துக்குக் கொஞ்சம் காய்ச்சல். கொஞ்சம்தான். நான் வாசிச்சுக்கிட்டு இருக்கேன், இவ அடிச்சுக்கிட்டு இருக்கா. வந்தவ நேராப் போய் தங்கச்சி நெத்தியில கைய வச்சா. வச்சுட்டு என்னப் பாத்து, “ஏய்யா, நீரு மனுசனா? செத்தவனுக்குக் குடுக்கிற மரியாதைய இருக்கிறவளுக்குக் குடுக்க மாட்டீரா?”ன்னா. என் வீட்டுல நின்னுக்கிட்டு. என்னைப் பாத்து. அதோட விட்டாளா? சுவர்ல இருந்து பிளக்கைப் பிடுங்கிட்டா தம்பி. அரைப் பக்கம் அடிச்சது போச்சு. சேமிக்கவே இல்ல. முப்பத்தேழு பேரு!

அன்னிக்குச் சொன்னேன், இந்தப் படியில இனி நீ கால் வைக்கக் கூடாது. சலேத்துகிட்டயும் சொன்னேன், நீ அவ படியில கால் வைக்கக் கூடாது. அவ அழுதா. ரெண்டு நாள்ல சரியாயிட்டா. அதுக்கப்புறம் பதினொரு வருசம் பூசையில அவ அந்தப் பக்கம் உக்காருவா, இவ இந்தப் பக்கம் உக்காருவா. ஒரு வார்த்தை கிடையாது. நான் நடுவுல நின்னு பாத்துக்கிட்டேன்ல.

போன மாசி மாசம் சலேத்துக்கு வயித்து வலி கூடிருச்சு. முன்னாடியே இருந்துச்சு. வாயுன்னு நினைச்சேன். பெருங்காயம் கரைச்சுக் குடின்னேன். அப்புறம் கண்ணெல்லாம் மஞ்சளாயிருச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில சேத்தேன். பத்தொன்பது நாள். அதோட முடிஞ்சுபோச்சு.

இருங்க, கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கிறேன்.

அந்தப் பத்தொன்பது நாள்லயும் அந்த அடைக்கலமேரி மூணு தடவை வந்தா தம்பி. தூக்குச் சட்டியில கஞ்சி எடுத்துக்கிட்டு. ஆஸ்பத்திரியில ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான் குடுப்பாங்க. அது என் சட்டைப் பையில. வாச்மேன்கிட்டச் சொல்லிட்டேன், அந்தப் பொம்பளை வந்தா விடாதேன்னு. கேட்டுக்கு வெளிய வெயில்ல நின்னா. மூணாவது தடவை சாயங்காலம் வரைக்கும் நின்னா. அப்படி ஒரு நடிப்பு. ஊர் பாக்கணும், சவரிராயன் கொடுமைக்காரன்னு சொல்லணும். நான் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். அருவருப்பா இருந்துச்சு.

என்ன? சலேத்துக்குத் தெரியுமான்னா? தெரியாது. நான் ஏன் சொல்லப் போறேன், உடம்பு சரியில்லாதவகிட்ட?

அவளை அறுபத்திரெண்டுலதான் வச்சேன். ‘பாறை’ய எடுத்துட்டு அவ பேரையும் தேதியையும் ஆபீஸ்ல என் கையால அடிச்சேன். ஒத்தை விரல்ல. குழி தோண்டுற ஆரோக்கியம் இருக்கானே, “பாறைன்னீங்க, மண்ணு மாவு மாதிரி வருதே”ன்னு பல்ல இளிச்சான். அந்த வெத்தலைக் கறைப் பல்லும் அவனும். கணக்குல தப்பு, வேலையப் பாருடான்னேன். அறுபத்திமூணு பாறையாவே இருந்துச்சு. எனக்காகத்தான்.

அதுக்கப்புறம் வீட்டுக் கம்ப்யூட்டர நான் தொடல. நாலு மாசம். பென்டிரைவ் சும்மா கழுத்துல தொங்குச்சு. வீட்டுல அந்த நாற்காலியில உக்காந்தா எதிர்ல அவ உக்காருற ஸ்டூலு. ஸ்டூலத் தூக்கிப் பரண்ல போட்டேன், அப்பவும் உக்கார முடியல. எனக்கு அவ வேணும் தம்பி. வெக்கமில்லாமச் சொல்றேன். சமையலுக்கோ டைப்புக்கோ சொல்லல. அவ அங்க உக்காந்திருக்கணும், நான் வாசிக்கணும், அவ்வளவுதான்.

அப்பத்தான் புதுசா வந்த சாமியார் ஆரம்பிச்சாரு, ஃபாதர் அமல்தாஸ். முப்பத்தஞ்சு வயசு, எப்பவும் சிரிப்பு, அந்தச் சிரிப்பே எனக்கு ஆகாது. என் கழுத்துல பென்டிரைவப் பாத்துட்டு, “என்ன சவரிராயன், மாதாவோட சேத்து டேட்டாவையும் சுமக்குறீங்களா?”ன்னு கேட்டு அவரே சிரிச்சாரு. இன்டர்நெட் போட்டா ரெண்டு மிசினும் தானாப் பேசிக்குமாம். ஒவ்வொரு வரியிலயும் கடைசியா எந்த மிசின்ல தொட்டாங்களோ அந்த வரிய இன்னொரு மிசினும் எடுத்துக்குமாம். சிங்க்காம். நீங்கதான் மனசு உடைஞ்சிருக்கீங்க, நானே வீட்டுக்கு வந்து போட்டுக் குடுக்குறேன்னாரு. வேண்டாம் ஃபாதர்னு எத்தனை தடவை சொல்றது? ஒரு சனிக்கிழமை காலையில வந்து நின்னுட்டாரு.

என் பயம் என்னன்னு உங்களுக்குப் புரியுதுல்ல? வீட்டுப் பதிவுல அறுபத்திமூணுக்கு நேரா என் பேரு இருக்கு. அது தானா ஆபீசுக்குப் போயிட்டா, நான் திருட்டுத்தனமா இடம் பிடிச்சு வச்சது ஊருக்கே தெரிஞ்சிரும். முந்தின நாளே வீட்டு மிசினத் திறந்து அந்த ஒரு வரிய மாத்தியிருக்கலாம். ஒரு நிமிசம் ஆகாது. ஆனா அத மாத்தணும்னா அந்தப் பக்கத்தத் திறக்கணும், திறந்தா மேல் வரியில அவ பேரு. சுவிட்சு வரைக்கும் கை போச்சு தம்பி. போட மனசு வரல.

ஃபாதர் உக்காந்து என்னமோ தட்டினாரு. நான் பின்னால நின்னேன், திரையப் பாக்கல, சுவர்ல இருந்த திரு இருதயப் படத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். நாலு மாசமா நான் ஆபீஸ்லதானே எல்லாத்தையும் தொட்டேன், அதனால எல்லா வரியும் ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு வந்துச்சு. முடிச்சுட்டு அவரு, “ஒரே ஒரு வரிதான் வீட்டுல இருந்து ஆபீசுக்குப் போயிருக்கு. அறுபத்திமூணு”ன்னாரு. நான் படத்த விட்டுக் கண்ண எடுக்கல. அவரு அந்த வரிய வாசிச்சாரு. அப்புறம் திரும்பி என் கையப் பிடிச்சுக்கிட்டு, “இதப் பாறைன்னு போட்டு வச்சிருந்தது இதுக்காகத்தானா? உங்களுக்கு இப்படி ஒரு மனசு இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே”ன்னாரு.

நான் என்ன நினைப்பேன்? பொண்டாட்டி பக்கத்துல படுக்க ஆசைப்பட்டு என் பேர எழுதி வச்சதப் பாத்து மனசு இரங்கிட்டாருன்னுதானே நினைப்பேன்? கண்ணு கலங்கிருச்சு. “மனசு கேக்கல ஃபாதர், அப்படி எழுதி வச்சுட்டேன்”ன்னேன். என் வாயாலயே சொன்னேன் தம்பி, நான்தான் எழுதினேன்னு! “இருக்கட்டும், இருக்கட்டும். பேரவையில யாரும் கேட்டா நான் பேசிக்கிறேன்”ன்னு சொல்லிட்டு, காபி குடிச்சுட்டுப் போனாரு. அன்னிக்கு நான் நிம்மதியாச் சாப்பிட்டேன். பாறை, கீறை எதுவும் இனி வேண்டாம், நேர் வழியிலயே நம்ம இடம் நமக்குன்னு. அந்தப் பக்கத்த மட்டும் அதுக்கப்புறமும் நான் திறக்கல.

மூணு வாரம் கழிச்சு அடைக்கலமேரி செத்துட்டா. திடுதிப்புன்னு. மத்தியானம் துணி காயப் போட்டவ அப்படியே விழுந்துட்டாளாம்.

நான் போவேனா? போகல. துக்க மணி அடிச்சுச்சு, ஜன்னலச் சாத்தினேன். ஆபீசுக்கு லீவு சொன்னேன். அடக்கத்தன்னிக்கு ஊர்வலம் எங்க தெரு வழியாத்தான் போச்சு, அதுக்கும் கதவச் சாத்தினேன். எங்க கொண்டு போய் வச்சா எனக்கென்ன? வரிசைப்படி கீழ்ப் பள்ளம்தான் வரும். தண்ணிக்குள்ள கிடக்கட்டும்னு நினைச்சேன். ஆமா நினைச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில ஆபீசுக்குப் போய் சாவுப் பதிவத் திறக்கிறேன். ஃபாதரே அடிச்சு வச்சிருக்காரு. அடைக்கலமேரி, வயசு அறுபத்தியாறு, அடக்கம், குழி அறுபத்திமூணு.

ஓடினேன். செருப்பு கூடப் போடாம கல்லறைக்கு ஓடினேன். வேப்பமரத்தடியில புது மண்ணு. அதுக்கு மேல வாடின சாமந்தி மாலை, எறும்பு மொச்சு மொச்சுன்னு. என் இடம். என் சலேத்துக்குப் பக்கத்துல, கை நீட்டினாத் தொடுற தூரத்துல, அவ! எனக்கு அங்கயே வாந்தி வந்துருச்சு. எடுத்தேன். கல்லறைச் சுவர்ல எடுத்தேன்.

ஃபாதர்கிட்டப் போய், என்ன வேலை ஃபாதர் பண்ணி வச்சிருக்கீங்கன்னு கத்தினேன். அவரு அதே சிரிப்போட, “நீங்க எழுதினபடியேதான் சவரிராயன்”ன்னு திரையைத் திருப்பிக் காட்டினாரு. அறுபத்திமூணுக்கு நேரா, பேரு: அடைக்கலமேரி. குறிப்பு: ‘அக்காவுக்கு விட்டு வைக்கவும்.’

நான் எழுதலன்னு சொல்ல முடியுமா? நான்தான் எழுதினேன்னு ஏற்கெனவே சொல்லியாச்சே! அப்ப நீங்க எழுதினது என்னன்னு கேட்டா, என் பேர எழுதி வச்சிருந்தேன்னா சொல்றது?

அடுத்த ஞாயிறு பிரசங்கத்துல என்னையே எடுத்துப் பேசினாரு தம்பி. பேரச் சொல்லல, ஆனா எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு. பதினொரு வருசப் பகைய மறந்து, தன் இடத்தையே விட்டுக் குடுத்த ஒரு சகோதரர்னு. பூசை முடிஞ்சு வெளிய வந்தா பொம்பளைங்க எல்லாம் என் கையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குது. அடைக்கலமேரி புருசன், அந்தக் கிழவன், என் தோள்ல சாஞ்சு அழுது என் சட்டையெல்லாம் சளி. வீட்டுக்குப் போய் அந்தச் சட்டைய எரிச்சேன். துவைக்கக் கூட மனசு வரல. செய்யாத நல்லத நம்ம தலையில கட்டுறது இருக்கே, அது மாதிரி ஒரு அசிங்கம் கிடையாது. ஏச்சு வாங்கினாத் துடைச்சுப் போட்டுப் போயிரலாம். இத எங்க போய்த் துடைக்கிறது?

யாரு செஞ்சதுன்னு நான் விடுவேனா? தேடினேன். அந்த வரிய எப்பத் தொட்டாங்கன்னு மிசினே எழுதி வைக்கும்ல, உங்களுக்குத் தெரியாததா. வீட்டு மிசின்ல பாத்தேன். மாசி மாசம், ஒரு திங்கக்கிழமை, காலையில பதினொண்ணு இருபது. ஆபீஸ்ல நான் பாறைன்னு கடைசியா மாத்தினது அதே திங்கக்கிழமை காலை ஒன்பதரை. ரெண்டு மணி நேரம் தம்பி! அந்த ரெண்டு மணி நேரத்துலதான் அது ஜெயிச்சிருச்சு. அன்னிக்குச் சாயங்காலம் சலேத்துக்கு வலி தாங்கல, பதினொரு வருசத்துல முதல் தடவையா ஆபீஸ் பதிவ வீட்டு மிசின்ல ஏத்தல; மறுநாள் அவள ஆஸ்பத்திரியில சேத்துட்டேன், அதோட அந்தப் பக்கத்த யாரும் தொடல.

முதல்ல ஃபாதர் மேல சந்தேகம். ஆனா மாசி மாசம் அவரு எங்க ஊருக்கே வரல. அப்புறம் இன்டர்நெட் வழியா எவனாவது புகுந்திருப்பானோன்னு நினைச்சேன். அப்ப வீட்டுல இன்டர்நெட்டே இல்ல. மிசின் கடிகாரம் தப்பா ஓடுதோன்னு பாத்தேன். மத்த வரியெல்லாம் நிமிசம் தவறாமச் சரியா இருக்கு. வீட்டுப் பூட்டு உடையல. பாஸ்வேர்டு ரெண்டே பேருக்குத்தான் தெரியும், அதுல ஒருத்தன் நான். திங்கக்கிழமை பதினொண்ணு இருபதுக்கு நான் ஆபீஸ்ல ஒரு கல்யாணச் சான்றிதழ் எழுதிக்கிட்டு இருந்தேன், அதுக்குக் கூட அத்தாட்சி இருக்கு.

இந்தா, இந்தக் கவர்ல இருக்கிறது ஆயருக்கு, அதான் பிஷப்புக்கு, மனு. இப்ப ஆயர் இல்லத்துக்குத்தான் போறேன். யாரோ என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல அத்துமீறிப் புகுந்து பதிவத் திருத்திட்டாங்க, அந்த உடலைத் தோண்டி எடுத்து அவங்களுக்குரிய வரிசையில வைக்கணும்னு எழுதியிருக்கேன். பாறைன்னு போட்டதையும் எழுதிட்டேன். வேலை போனாலும் போகட்டும். பேரு கெட்டாலும் கெடட்டும், இப்ப இருக்கிற இந்தப் பேருக்கு அது எவ்வளவோ தேவலை.

நீங்க சொல்லுங்க, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. எந்த விரல் தட்டுச்சுன்னு மிசின வச்சுக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாதா? அவ்வளவு படிச்சிருக்கீங்க, இது முடியாதா?

என்ன கேட்டீங்க?

அந்த நேரத்துல வீட்டுல யாரு இருந்தாங்கன்னா... யாரும் இல்ல தம்பி. சலேத் மட்டும்தான் இருந்தா.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? அவ அப்படியெல்லாம் செய்யிறவ கிடையாது. எனக்குத் தெரியாதா? முப்பத்தொரு வருசம் குடும்பம் நடத்தினவன். அன்னிக்கு மத்தியானம் கூட நான் வீட்டுக்குப் போனப்ப எந்திரிச்சு வந்து சோறு போட்டா. வலி இல்லியான்னேன், இல்லன்னா. சிரிச்ச மாதிரி கூட இருந்துச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் முகத்துல ஒரு தெளிவு. அக்காவ ஒரு தடவை பாக்கணும்ங்கன்னா. இந்தப் பேச்ச எடுக்காதேன்னேன். சரிங்கன்னுட்டு ரசத்த ஊத்தினா. மத்த நாளா இருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. அன்னிக்கு ஒண்ணுமே சொல்லல. பாருங்க, மனசுல எதாவது வச்சிருக்கிறவ அப்படியா இருப்பா?

நீங்க சின்னப் பிள்ளை. புருசன் பொண்டாட்டி விசயம் உங்களுக்கு என்ன தெரியும்.

ஒருவேளை, பேச்சுக்குச் சொல்றேன், ஒருவேளை அவதான் எழுதினான்னே வச்சுக்குவோம். வலியில எதையோ அடிச்சுட்டா. கண்ணு மஞ்சளா இருந்துச்சுல்ல, புத்தியிலயும் ஏறியிருக்கும். அதுக்காக அப்படியே விட்டுர முடியுமா? நான் கீழ்ப் பள்ளத்துல சாக்கடைத் தண்ணியில கிடக்கவும், அவங்க ரெண்டு பேரும் மேட்டுல வேப்பமரக் காத்துல விட்ட பேச்சையெல்லாம் பேசிக்கிட்டுக் கிடக்கவுமா? முடியாது தம்பி. மனு குடுத்தாத் தோண்டுவாங்க. தோண்டினா இடம் காலியாகும். காலியாச்சுன்னா நான் அங்க போயிருவேன், அவ பக்கத்துல, கை நீட்டினாத் தொடுற தூரத்துல. போய்ப் படுத்துட்டேன்னா அவ என்ன செய்வா? எந்திரிச்சா போயிருவா?

காலைக் கொஞ்சம் மடக்குங்க, நான் இறங்கணும்.